கான்கார்டின் குளமும் ஆறும்

ஹென்றி டேவிட் தோரோ வால்டன் குளக்கரைக் குடிசையில் வாழ்ந்தது இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள். கான்கார்ட் ஆற்றிலும் அதன் இரு கிளைகளிலும் அவர் படகு விட்டதும், பனியில் சறுக்கியதும், நீர்மட்டம் அளந்ததும் ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும். ஆனால் அவர் 1817இல் பிறந்து 1862இல் மறைந்த கான்கார்ட் நகரம் அவருடைய நினைவைப் பெரும்பாலும் குளத்திடமே ஒப்படைத்திருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இந்தச் சிற்றூருக்கு ஆண்டுதோறும் பல லட்சம் பேர் நடக்கவும் நீந்தவும் துடுப்புப் போடவும் பறவை பார்க்கவும் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் குளத்துக்கே போகிறார்கள். இந்த ஏற்பாடு தகுதியானதுதானா என்று எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கவிஞனின் மரபைக் காக்க நல்ல பதிப்பு போதும். இயற்கையாளனுக்கு அது போதாது. அவன் பார்த்த நிலமும் நீரும் பார்க்கத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும். அவன் பார்த்த முறையில் பார்க்கிறவர்கள் தொடர்ந்து உருவாகவும் வேண்டும். திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போவது, நாளிட்டுக் குறிப்பது, கேள்விப்பட்டதை அளந்து சரிபார்ப்பது என்பவைதாம் தோரோவின் முறை. ஆகவே, இடம் பிழைத்திருக்கிறதா என்பதோடு, அங்கே வருகிறவர் செய்யும் காரியத்தில் அந்த முறையின் சாயலாவது இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இடத்தைக் காப்பாற்றிவிட்டு முறையைக் கைவிட்டால் மிஞ்சுவது பூங்கா. முறை மட்டும் ஏட்டில் இருந்து இடம் கெட்டுப்போனால் அது வெறும் ஆவணக்காப்பகம்.

குளத்திலிருந்து தொடங்குவோம். கூட்டம் வருவதற்கு முன் வால்டன் தீண்டப்படாத தனிமையாக இருந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. ஃபிட்ச்பர்க் ரயில்பாதை 1844இலேயே, அதாவது தோரோ குடியேறுவதற்கு ஓராண்டு முன்பே, குளத்தின் ஓரத்தைத் தொட்டுச் சென்றது. 1846-47 குளிர்காலத்தில் பனிக்கட்டி வெட்ட நூறு ஆட்கள் வந்து இறங்கினார்கள். சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டி நியூ இங்கிலாந்தின் பனிக்கட்டியை நமக்கு விற்ற ஃபிரெடரிக் டியூடரின் வணிகம் இந்தக் குளம்வரை நீண்டிருந்தது. தோரோவே தன் ‘வால்டன்’ நூலில் மதராஸின் பெயரைச் சொல்லித்தான் இதைப் பேசுகிறார். அவர் இறந்து நான்கே ஆண்டில், 1866இல், ரயில் நிறுவனம் கரையில் உல்லாசப் பூங்கா ஒன்றை அமைத்தது. 1902இல் தீக்கிரையான பின்தான் அது ஒழிந்தது. பொழுதுபோக்கு இங்கே அண்மையில் வந்து நுழைந்ததல்ல. இயற்கை மரபுக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

1922இல் எமர்சன், ஃபோர்ப்ஸ், ஹோர், ஹேவுட் குடும்பங்கள் குளத்தைச் சுற்றிய ஏறத்தாழ 80 ஏக்கரை மாநிலத்துக்குக் கொடையளித்தன. அந்தக் கொடைப்பத்திரத்தில் இரண்டு கட்டளைகள் இருந்தன: எழுத்தாளர் எமர்சனும் தோரோவும் அறிந்த வால்டனைக் காக்க வேண்டும்; பொதுமக்கள் அங்கே குளிக்கவும் படகு விடவும் மீன் பிடிக்கவும் வனபோஜனம் செய்யவும் வழி வேண்டும். இரண்டும் உடன்படாத இடத்தில் எது முந்தும் என்று பத்திரம் சொல்லவில்லை. அதன் பிறகான நூறாண்டு நிர்வாகம் இந்த மௌனத்தோடு போராடிய கதைதான். மிடில்செக்ஸ் மாவட்ட நிர்வாகம் நீண்ட காலம் இரண்டாவது கட்டளையை மட்டுமே படித்தது. 1957இல் நீச்சல் கரையை விரிவாக்க மரங்களை வெட்டி, புல்டோசரால் சரிவைச் சமன்படுத்தியது. தோரோ சங்கத்தார் வழக்கு மன்றத்துக்குப் போனார்கள். 1960இல் மாநில உச்ச நீதிமன்றம் காப்பதே முதல் கடமை, மற்றவை அதற்கு உட்பட்டவை என்ற பொருளில் தீர்ப்பளித்தது. அமெரிக்க இயற்கைப் பாதுகாப்பின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத தீர்ப்பு இது. பேசப்பட வேண்டியது என்பேன்; ஓர் இடத்தின் இலக்கியப் பொருள், அதன் நிலப்பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சட்டக் காரணமாக முடியும் என்பதை அது ஏற்றுக்கொண்டது.

1970களில் மாவட்டத்திடமிருந்து பொறுப்பை வாங்கிய மாநில நிர்வாகத்தின் சாதனை, ஒரே நேரத்தில் 1,000 பேருக்கு மேல் அனுமதியில்லை என்ற வரம்பு. கோடை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாயிலை மூடி, தொலைவிலிருந்து குழந்தைகளோடு வந்தவரைத் திருப்பி அனுப்பும் துணிவு பொதுப்பூங்காக்களில் அரிது. அரிக்கப்பட்ட சரிவுகளில் மரங்கள் மீண்டு வந்திருக்கின்றன. சுற்றுப்பாதையின் இருபுறமும் கம்பிவேலி கட்டி மிதிபடாமல் காக்கிறார்கள். அழகியல் நோக்கில் அந்த வேலி உறுத்துகிறது என்பது உண்மை. ஆனாலும் அதன் பக்கமே நிற்பேன். வேலி இல்லாத நாட்களின் புகைப்படங்களில் கரை வெறும் மண்ணாகக் கிடக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தலைகளை எண்ணுகிற நிர்வாகம், தலைகள் தண்ணீருக்குச் செய்வதை எண்ணத் தாமதித்தது. கர்ட் ஸ்டேகரும் உடன் ஆய்வாளர்களும் குளத்தடி வண்டலைத் துளைத்தெடுத்து 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே நுண்பாசிகளின் கூட்டமைப்பு ஊட்டச்சத்து மிகுந்த நீரில் வளரும் வகைகளின் பக்கம் மாறிவந்திருக்கிறது. கோடையில் குளத்தில் சேரும் பாஸ்பரஸில் பாதிக்கும் மேற்பட்டது நீந்துவோரின் சிறுநீரிலிருந்து வரலாம் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 2001இலேயே இந்தத் திசையில் எச்சரித்திருந்தது. நீர் இன்றும் தெளிவாகத்தான் இருக்கிறது. அடியாழத்தில் படர்ந்த நைட்டெல்லா என்ற பாசிப் படுகை அந்தத் தெளிவைத் தாங்கி நிற்கிறது. கோடை வெப்பம் கூடினால் அந்தத் தாங்குதல் எவ்வளவு காலம் என்பதுதான் கேள்வி. 1922 பத்திரத்தின் இரண்டு கட்டளைகளும் கடைசியில் ஒரு வேதிப்பொருளின் அளவில் மோதிக்கொண்டிருக்கின்றன. நிர்வாகம் இதைக் கரையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீந்துபவர் பார்வையாளர் மட்டுமல்லர், குளத்தின் நீரியலில் ஒரு காரணி என்ற செய்தியைவிடத் தோரோத்தனமான பாடம் அந்தக் கரையில் வேறில்லை. 2021 கோடையில் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நீந்துவதைத் தடைசெய்து, எதிர்ப்பு எழுந்ததும் நேர வரம்போடு தளர்த்தினார்கள். அந்த விவாதம் முழுதும் நீந்துவோரின் பாதுகாப்பைப் பற்றியே நடந்தது. நீரின் பாதுகாப்பு அதற்குள் வரவேயில்லை.

இனி விளக்கமுறை. 1945இல் ரோலண்ட் ராபின்ஸ் தோண்டிக் கண்டுபிடித்த குடிசை அடித்தளம், 1872இல் தொடங்கி வருவோர் வைத்துச் சேர்த்த கற்குவியல், வாகன நிறுத்தத்துக்கு அருகே 10 அடிக்கு 15 அடியில் கட்டிய மாதிரிக் குடிசை: பார்வையாளர் மனத்தில் பதிவது இவைதாம். இவை ஒரு துறவியின் உருவத்தை உண்டாக்குகின்றன. ஆனால் வால்டனில் தோரோ செய்த மிகக் கறாரான காரியம் துறவல்ல, அளவை. 1846இன் தொடக்கத்தில், உறைந்த குளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் துளையிட்டு, கயிற்றில் கல் கட்டி இறக்கி, அடியில்லாதது என்று ஊர் நம்பிய குளத்தின் பெரும ஆழம் 102 அடி என்று நிறுவினார். இன்றைய கருவிகள் தரும் எண் அதற்கு மிக நெருக்கமானது. அளக்காமலே நம்பிவந்த ஊருக்கு ஓர் அளவை கொடுத்த பதில் அது. பள்ளிப் பிள்ளைகள் மாதிரிக் குடிசையின் கட்டிலைப் படமெடுத்துக்கொண்டு போகும் நேரத்தில், ஒரு கயிறும் கல்லும் அவர்கள் கையில் இருந்தால் போதும். அது நிகழாதவரை வால்டனின் விளக்கமுறை தோரோவின் வாழ்க்கையை மதிக்கிறது, அவருடைய அறிவை மதிக்கவில்லை என்றே சொல்வேன்.

வால்டன் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1990இல் அலுவலகக் கட்டடமும் அடுக்குக் குடியிருப்பும் அங்கே எழ இருந்தபோது, பாடகர் டான் ஹென்லி தொடங்கிய வால்டன் காடுகள் திட்டம் அந்த நிலங்களை விலைக்கு வாங்கிக் காத்தது. நிலம் காத்தலில் இது ஐயமற்ற வெற்றி. மீட்ட இடங்களில் ஒன்றான பிரிஸ்டர் மேடு, அடிமை நிலையிலிருந்து விடுபட்டு அங்கே நிலம் வாங்கி வாழ்ந்த பிரிஸ்டர் ஃப்ரீமனின் பெயரைத் தாங்குகிறது. வேறு நிலம் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்கள் ஒதுங்கி வாழ்ந்த காடு அது என்பதை எலிஸ் லெமயரின் 2009 நூல் விரித்துக் காட்டியது. தோரோவின் தனிமை வெற்றிடத்தில் அமைந்ததல்ல. இந்த உண்மை இப்போது அங்கு நடப்பவருக்குச் சொல்லப்படுகிறது; தாமதமானாலும் முறையான திருத்தம்.

ஆற்றுக்கு வருவோம். சட்பரியும் அசபெட்டும் எக் ராக் பாறையடியில் கூடிக் கான்கார்ட் ஆறாகின்றன. அது வடக்கே போய் லோவல் நகரில் மெரிமாக்கில் சேர்கிறது. ஓட்டம் அவ்வளவு மெது. கரையிலேயே குடியிருந்த எழுத்தாளர் ஹாதார்னுக்கு அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியவே வாரங்கள் ஆயின. தோரோவும் அண்ணன் ஜானும் 1839இல் சொந்தமாகக் கட்டிய படகில் புறப்பட்ட பயணம்தான் அவருடைய முதல் நூலுக்குப் பொருளானது. 1849இல் வந்த அந்த நூலின் 1,000 படிகளில் 706 விற்காமல் அவர் வீட்டுக்கே திரும்பின. அதே படகை 1842இல் ஹாதார்ன் ஏழு டாலருக்கு வாங்கியிருந்தார். 1852 கோடையில் ஆடை களைந்து, ஆற்றுக்குள்ளேயே நடந்து ஆற்றைப் பார்க்கும் நடைப்பயணத்தையும் தோரோ கண்டுபிடித்தார். பொழுதுபோக்கும் ஆய்வும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்ட செயல் இதைவிடத் தெளிவாக அவர் வாழ்வில் இல்லை.

ஆனால் ஆற்றில் அவருடைய முதிர்ந்த சாதனை 1859இல் தொடங்கியது. பில்லெரிகாவில் 1798இல் கால்வாய் நிறுவனம் கட்டி, 1828இல் புதுப்பித்த அணையால் தங்கள் புல்வெளிகள் மூழ்குகின்றன என்று மேல்புற விவசாயிகள் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். வைக்கோல்தான் அவர்கள் வாழ்வாதாரம். பாலங்களின் அளவுகளைக் குறித்துத் தரத் தோரோவை அமர்த்தினார்கள். அவர் கேட்டதோடு நிற்கவில்லை. ஆழம், அடிமண், நீர்த்தாவரம், ஓட்டத்தின் வேகம், நாளுக்கு நாள் நீர்மட்டம் எனச் சுமார் 20 மைல் நீளத்துக்கு ஆற்றைப் படித்து நீண்ட வரைபடத்தில் ஏற்றினார். அது இன்றும் கான்கார்ட் பொது நூலகத்தில் இருக்கிறது. ராபர்ட் தார்சனின் 2017 நூல் இந்த உழைப்பை முன்னிறுத்தி, பிற்காலத் தோரோவை ஆற்றின் அறிவியலாளராகவே காண வேண்டும் என்று வாதிடுகிறது. அணையை இடிக்க 1860இல் சட்டமன்றம் ஆணையிட்டது. 1862இல் அந்த ஆணையை ரத்துசெய்தது. ஆறு தோற்ற வழக்கு என்பதாலும் இந்தப் பணி மறைந்திருக்கலாம். எப்படியானாலும், கான்கார்ட் பெருமைப்பட வேண்டிய ஆவணம் மாதிரிக் குடிசையல்ல, அந்த வரைபடம்.

ஆற்றின் உடல்நிலை கலவையானது. ஆஷ்லண்டில் சாய ஆலை வளாகத்திலிருந்து பல பத்தாண்டுகள் வெளியேறிய பாதரசம் சட்பரி ஆற்றின் வண்டலில் தங்கிவிட்டது. அங்கு பிடிக்கும் மீனை உண்ணாதீர்கள் என்ற எச்சரிக்கைப் பலகைகள் இன்றும் நிற்கின்றன. நீர்ச் செஸ்ட்நட் என்ற அந்நியக் கொடி பரப்பை மூடுகிறது. ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் படகில் போய்ப் பிடுங்குகிறார்கள். இதற்கு எதிர்த்தட்டில், 1999இல் மூன்று ஆறுகளின் 29 மைல் நீளம் தேசிய எழில்மிகு ஆறாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கான காரணங்களில் இலக்கியமும் ஒன்று. தென்பாலத்தருகே கனூ வாடகைக்கு எடுத்து, எக் ராக்கைத் தாண்டி, 1775 போர் நிகழ்ந்த வடபாலத்தின் கீழே போகிறவர் ஒரே மதியத்தில் நகரத்தின் முழு வரலாற்றையும் அதன் இயற்கையோடு சேர்த்துக் காண்கிறார். போரை நினைவூட்ட அந்தக் கரையில் சிலைகளும் காவலர்களும் உண்டு. ஆற்றை ஆராய்ந்தவரை நினைவூட்ட அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

ஆறு தோரோவோடு முடிந்தும்விடவில்லை என்பதுதான் அதன் தரப்பில் வலுவான வாதம். மாசசூசெட்ஸ் ஆடுபான் சங்கத்தின் முதல் தலைவரான வில்லியம் ப்ரூஸ்டர், 1890களில் ஆற்றங்கரையில் அக்டோபர் ஃபார்ம் என்ற பண்ணையை வாங்கி, பல பத்தாண்டுகள் பறவைக் குறிப்பெழுதினார். அவர் பெயரில் இருந்த கண்ணாடித்தகட்டுப் படங்களில் பலவற்றை எடுத்தவர் அவருடைய கறுப்பின உதவியாளர் ராபர்ட் கில்பர்ட் என்று ஜான் ஹான்சன் மிட்செல் 2005இல் எழுதினார். அந்தக் கேள்வியை இனி யாரும் தவிர்த்துவிட்டு ப்ரூஸ்டரைப் பேச முடியாது. லட்லோ கிரிஸ்கம் 1949இல் கான்கார்டின் பறவைகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். அதற்கு ஐந்தாண்டு முன், 1944இல், சாமுவேல் ஹோரின் நிலக்கொடையோடு கிரேட் மெடோஸ் வனவிலங்குச் சரணாலயம் பிறந்தது. அங்கே அணைக்கரையில் நடக்க இரண்டு கண்களும் ஒரு தொலைநோக்கியும் போதும். அழிவின் விளிம்பில் நிற்கும் பிளாண்டிங் ஆமையின் குஞ்சுகளைப் பள்ளி வகுப்பறைகளில் ஒரு குளிர்காலம் வளர்த்து, பெருத்தபின் இந்தச் சதுப்பில் விடுகிறார்கள். நான் வைத்த இரண்டாவது கேள்விக்குக் கான்கார்டில் கிடைக்கும் மிகச் சிறந்த பதில் இது. வால்டனில் பிள்ளை ஒரு குடிசையைப் பார்க்கிறது. இங்கே மாதக்கணக்கில் ஓர் உயிரை எடைபோட்டுக் குறிக்கிறது.

முறை எங்கே முழுமையாக வாழ்கிறது என்றால், ஏடுகளில். 1850களில் தோரோ பூப்பு நாட்களைப் பதிந்தார். ஊர்க் கடைக்காரரான ஆல்ஃபிரட் ஹாஸ்மர் அதே வேலையை 1888 முதல் 1902 வரை செய்தார். ரிச்சர்ட் ப்ரைமாக்கும் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்கும் இரண்டையும் இன்றைய களப்பணியோடு ஒப்பிட்டு 2008இல் எழுதிய கட்டுரை, அடிக்கடி காணப்படும் 43 இனங்கள் தோரோவின் காலத்தைவிடச் சராசரி ஏழு நாள் முந்திப் பூக்கின்றன என்று காட்டியது. இதற்குக் காரணமான வெப்ப உயர்வில் பாஸ்டன் பெருநகரின் கட்டடங்களுக்கும் தார்ச்சாலைகளுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதை அவர்களே சொல்கிறார்கள். மேற்கோள் காட்டுகிறவர்கள்தாம் அதை விட்டுவிடுகிறார்கள். உடன்வந்த மற்றோர் ஆய்வு, தோரோ கண்ட இனங்களில் 27 விழுக்காடு மறைந்துவிட்டன, இன்னும் 36 விழுக்காடு மிக அருகிவிட்டன என்றது. தோரோவின் தாவரக் குறிப்புகளுக்கு அடைவு தொகுத்த ரே ஏஞ்சலோ 2014இல் இந்த இழப்புக் கணக்கைக் கடுமையாக மறுத்தார். என் மதிப்பீட்டில் பூப்பு நாட்களின் முடிவு உறுதியானது. இழப்புக் கணக்கு அந்த அளவுக்கு உறுதியானதல்ல. பூத்ததைக் கண்டது சான்று. காணாமை, தேடலின் அளவைப் பொறுத்தது. ஆனால் ஓர் ஊரின் செடிகளைப் பற்றி இப்படி எண்ணுக்கு எண் சண்டை போட முடிகிறதே, அதுவே இந்த மரபு உயிரோடிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. உலகில் மிகச் சில ஊர்களுக்கே அந்த வசதி உண்டு.

ஆக, இடத்தைக் காத்தலில் வால்டன் முந்துகிறது. நீரின் வேதியியலில் விழிப்புத் தேவை. முறையைக் காத்தலில் ஆறும் அதன் சதுப்பும் முந்துகின்றன. மண்ணில் பாதரசமும் நினைவில் மறதியும் அவற்றை அழுத்துகின்றன. மரபு என்ற சொல்லுக்கு நான் முன்பு வைத்த இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்த்தால், கான்கார்ட் தன் இயற்கை மரபின் நடுவம் என்று காட்டும் இடம் தவறானது. குளத்துக்குப் போகும் கூட்டத்தில் ஒரு பகுதியைப் படகுத்துறைக்குத் திருப்புவது குளத்துக்கும் நல்லது, வருகிறவருக்கும் நல்லது.

இதற்கான வாய்ப்பு அண்மையிலேயே இருக்கிறது. 1859இல் வழக்காடப்பட்ட அதே பில்லெரிகா அணையை, மீன்கள் கடலிலிருந்து மீண்டும் ஏறிவர வசதியாக, அகற்றுவதைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். அணை நீங்கினால் நீர் எவ்வளவு இறங்கும், அணைக்கு மேலுள்ள ஃபோர்ட்வே பாறைத்திட்டு எவ்வளவைத் தாங்கும் என்பவை அன்றும் இன்றும் ஒரே கேள்விகள். தோரோவின் அளவைக் குறிப்புகள் நூலகத்தில் இருக்கின்றன. அவர் அளந்த பாலங்கள் நின்ற இடங்களும் தெரிந்தவையே. நகர நிர்வாகம் அந்த இடங்களில் அளவுகோல் நட்டு, நாள்தோறும் நீர்மட்டம் குறிக்கும் வேலையை உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் துடுப்புப் போடுவோருக்கும் கொடுக்க வேண்டும். அணைமீது முடிவு எடுக்கப்படுவதற்கு முன் தொடங்கினால்தான் அந்த எண்களுக்கு மதிப்பு.